விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டரில், ஃபைலில் உள்ள ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களைக் காட்டும் அவுட்லைன் பட்டியல் கர்சரோடு சேர்ந்து நகரவில்லை. என்ன செய்யலாம்?

அவுட்லைன் தலைப்புக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். மௌஸைக் கொண்டுபோனால்தான் தெரியும். அதில் "ஃபொலோ கர்சர்" என்பதற்குச் சரி போடுங்கள். பெரும்பாலும் வேலை இதோடு முடிந்துவிடும்.

சரி போட்டும் நகரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் விரலை.

கிளிநொச்சியில் ஞாயிறு வகுப்பொன்றில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் நெல் மூடைக் கணக்கு எழுதுகிறார்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும் என்பதால் ஃபங்ஷன்களுக்கு மூடை_எண்ணு, கூலி_கழி என்றெல்லாம் பெயர். ஒரு பிள்ளை மௌஸ் சில்லை உருட்டிக் கூலி_கழி வரைக்கும் இறங்கிவிட்டு, "சேர், பட்டியல் இன்னும் மூடை_எண்ணிலயே நிக்குது" என்றாள். உருட்டினால் திரைதான் நகரும். கர்சர் விட்ட இடத்திலேயே சிமிட்டிக்கொண்டிருக்கும். கோட் மேல் ஒருக்கா கிளிக் பண்ணச் சொன்னேன், பட்டியல் தாவி வந்தது.

கிளிக் பண்ணாமல் உருட்டி உருட்டியே வாசிக்கிற ஆளென்றால் ஸ்டிக்கி ஸ்க்ரோல்தான் சரி. திரையில் தெரிகிற இடம் எந்த கிளாஸ், எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறதோ, அதன் தலைப்பு வரியை மேலே ஒட்டிவைக்கும். கர்சர் எங்கே கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை.

கிளிக் பண்ணியும் அசையவில்லையா? அப்போ எடிட்டரோடு சேர்ந்து வேலை செய்கிற துணை நிரலான எக்ஸ்டென்ஷனில் சந்தேகப்படலாம். ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த வரியில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை அந்தந்த மொழிக்கான எக்ஸ்டென்ஷன்தான் எடிட்டருக்குச் சொல்கிறது. கர்சரைச் சுற்றி நிற்கிற எல்லைகளில் ஆக உள்ளே இருப்பது எதுவோ, அது பட்டியலில் தெரிவாகும். எக்ஸ்டென்ஷன் முழு எல்லையையும் கொடுக்காமல் பெயர் எழுதியிருக்கிற இடத்தை மட்டும் கொடுத்தால், தலைப்பு வரியில் நிற்கும்போது சரியாகக் காட்டும், உள்ளே இறங்கியதும் விட்டுவிடும். செட்டிங்கை நோண்டிப் பயனில்லை, வேறு எக்ஸ்டென்ஷன் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அவுட்லைன் பட்டியலின் வரிசையைப் "பொசிஷன்" படி, அதாவது கோடில் வருகிற ஒழுங்கில் வையுங்கள். பெயர்ப்படி வைத்தால் நீங்கள் கீழே இறங்க, பட்டியல் மேலுக்குப் பாயும். தலை சுற்றும்.

விம் என்ற இன்னொரு எடிட்டரில், இதே மாதிரிப் பட்டியல் காட்டும் டாக்பார் பாவிக்கிறவர்களுக்கும் இதே முறைப்பாடு உண்டு. அங்கே கர்சர் ஓய்ந்து நின்றபிறகுதான் பட்டியல் மாறும். அந்த நேரத்தைத் தீர்மானிக்கிற அப்டேட்டைம் என்ற செட்டிங் இயல்பாகவே 4000 மில்லிசெக்கன். 300 ஆக்கினால் உடனே வரும். சேமிக்காத மாற்றங்களைக் காத்துவைக்கிற ஸ்வாப் ஃபைல் எழுதுவதும் அதே எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது, தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

என்னுடையது சின்னத் திரை லப்டொப். அவுட்லைனை மூடியே வைத்திருக்கிறேன். கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அடித்துப் பெயரில் இரண்டெழுத்துத் தட்டி என்டர் அடித்தால் போதும், கர்சரும் கூடவே அங்கே போய்விடும்.