போஷ்: டிக்கெட்டில் இல்லாத முத்திரை

கேள்வி: ஆடம்பரமான, மேல்தட்டைச் சேர்ந்த என்ற பொருளில் வழங்கும் 'போஷ்' (posh) என்ற ஆங்கிலச் சொல், இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பணக்கார வெள்ளையர்களின் டிக்கெட்டில் குத்தப்பட்ட நான்கெழுத்து முத்திரையிலிருந்து வந்ததாமே? உண்மையா?

பதில்: இல்லை. ஆனால் கதை கட்டியவர் கெட்டிக்காரர், திசைக் கணக்கில் பிசகவில்லை. அந்த நான்கெழுத்து, 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (Port Out, Starboard Home) என்பதன் முதலெழுத்துகளாம். அதாவது, இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை. மத்தியதரைக் கடலில் கிழக்கே போகும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு. தெற்கிலிருந்து அடிக்கும் வெயில் அங்கே எட்டாது. சூயஸ் தாண்டிச் செங்கடலில் இறங்கியதும் இடப்பக்கம் கிழக்காகிவிடும். காலை வெயில் விழும், வறுத்தெடுக்கும் பிற்பகல் வெயில் விழாது. திரும்பும் பயணத்தில் இந்தச் சலுகை அப்படியே வலப்பக்கத்துக்கு மாறும்.

இவ்வளவு பொருந்தியும் ஏன் தள்ள வேண்டும்? முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை சிக்கவில்லை என்பது முதல் காரணம். அதைவிட வலுவானது காலக் கணக்கு. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். 'போஷ்' 1918-லேயே 'பஞ்ச்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில் விமானப்படை அதிகாரியின் வாயில் வந்துவிட்டது. கப்பல் விளக்கமோ 1930-களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. அத்தனை ஆண்டுகள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? போதாக்குறைக்கு, முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் வழக்கமே முதல் உலகப் போருக்கு முன் மிக அரிது.

19-ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் 'போஷ்' என்றால் காசு, குறிப்பாக அரைப் பென்னி. ஐரோப்பாவில் 'ஜிப்சி' எனப்படும் ரோமா மக்களின் ரொமானி மொழியில் 'பாதி'யைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. 1890-ல் வெளிவந்த கொச்சை அகராதி ஒன்று 'மினுக்கன்' என்ற பொருளையும் தருகிறது. இன்றைய பொருள் இவற்றில் எதிலிருந்து கிளைத்தது என்பதில் அகராதிக்காரர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ரொமானியின் பூர்வீகம் இந்தியா என்பதால், கப்பல் ஏறாமலே கதையை இங்கே கொண்டுவந்திருக்கலாம்!

உபயோகத்துக்கு வருவோம். நாம் 'போஷ் ஏரியா' என்றால் பணக்காரப் பகுதி, அவ்வளவுதான். பிரிட்டனில் அது வர்க்கத்தின் அடையாளம். சொத்தெல்லாம் கரைந்த பிரபு வீட்டுப் பிள்ளையும் அங்கே போஷ்தான். பேச்சும் படித்த பள்ளியும் காட்டிக்கொடுத்துவிடும். லாட்டரியில் கோடி அடித்தவர் மாளிகை வாங்கினாலும் அந்தப் பட்டம் கிடைக்காது. ஹோட்டலையோ உடையையோ போஷ் என்றால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆளையோ, அவர் உச்சரிப்பையோ சொல்லும்போதுதான் கவனம் வேண்டும்: பாதி மரியாதை, பாதி நக்கல். சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து நக்கல் முக்காலும் ஆகும். அலுவலகக் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.