படம் பாதியோடு நிற்பது ஏன்? டேட்டாபேஸ் கேள்வி-பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். டிசைன் போட்டோக்களை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில், பிளாப் (ஃபைலை அப்படியே வைக்கும் வகை) காலத்தில், அதாவது டேபிளின் நெடுவரிசையில் சேமிக்கிறோம். பல படங்களில் மேல்பாதிதான் தெரிகிறது, கீழே வெறும் சாம்பல் நிறம். எரர் எதுவும் வரவில்லை.

பதில்: பிளாப் 65,535 பைட்தான் கொள்ளும். வாட்ஸ்அப்பில் வருகிற படமே பெரும்பாலும் 100 கேபியைத் தாண்டிவிடும். அளவு மீறினால் ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப் ஆகியிருந்தால், மைஎஸ்கியூஎல் மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரு வார்னிங் மட்டும் தரும். அதை யாரும் பார்ப்பதில்லை. சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாகப் பதிவாவதால், உள்ளே போன வரைக்கும் தெரிகிறது. லெங்த் ஃபங்ஷன் போட்டு, ஒவ்வொரு படமும் எத்தனை பைட் என்று பாருங்கள். வரிசைக்கு வரிசை 65535 என்றே வந்தால் இதுதான் கோளாறு.

காலத்தை மீடியம்பிளாப் ஆக்குங்கள், 16 எம்பி வரை தாங்கும். ஸ்ட்ரிக்ட் மோடை ஆன் செய்யுங்கள், இனி வெட்டாமல் எரர் காட்டும். வெட்டுப்பட்டவை மட்டும் திரும்பி வராது. ஒரிஜினல் படங்கள் போன்களில் இருக்கும்போதே மறுபடி ஏற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் தங்கும் விடுதி. அறைப் படத்தைத் திறந்தால் கிறுக்கல் எழுத்துகளாக வருகிறது. வீடியோவையும் இதே டேபிளில் போடலாமா?

பதில்: அனுப்புவது ஜேபெக் என்று, பிரவுசருக்குப் படத்துக்கு முன்னால் போகும் கன்டென்ட்-டைப் ஹெடரில் சொல்லுங்கள். சொன்ன பிறகும் படம் வரவில்லையென்றால், படத்தை அனுப்பும் பிஎச்பி ஃபைலின் தலையில் காலி வரி இருக்கிறதா பாருங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் நடுவில் தள்ளிப் பார்க்கும்போது அந்தத் துண்டை மட்டும் அனுப்ப வேண்டும். ஃபைலாக இருந்தால் வெப் சர்வரே அதைச் செய்யும்; டேபிளில் இருந்தால் நீங்கள் புரோகிராம் எழுத வேண்டும். ஃபைலை ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் டேபிளில் எழுதுங்கள்.

கேள்வி: இளம்பிள்ளை சேலைக் கடை. விலைப் பட்டியல் திறக்கவே நேரமாகிறது.

பதில்: எல்லா காலங்களையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் கட்டளையைப் போட்டிருப்பீர்கள். விலை கேட்டால் படமும் சேர்ந்து வருகிறது. தேவையான காலங்களின் பெயரை மட்டும் எழுதுங்கள், படங்களைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் டேட்டாபேஸில் படமே வைக்கக் கூடாதா?

பதில்: சின்னப் படம் என்றால் தாராளமாக வைக்கலாம். கையெழுத்து, பாஸ்போர்ட் அளவுப் போட்டோ போன்றவற்றுக்கு அதுதான் நல்ல இடம். வரிசையை அழித்தால் படமும் அழியும், ஒரே பேக்கப்பில் இரண்டும் வரும். எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் குழுவின் சோதனையில், சுமார் 100 கேபிக்குக் குறைந்தவற்றை ஃபைலைவிட டேட்டாபேஸில் இருந்து படிப்பதே வேகமாக இருந்தது.