சம்பளம் 18,500 ரூபாய், பெற்றோருடன் வாசம்: காதலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் பம்ப் உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மொத்தச் சம்பளம் 20,500, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போகக் கையில் வருவது 18,500. பெற்றோருடன் வசிக்கிறேன். சம்பளம் வந்ததும் அம்மாவிடம் 11,000 கொடுத்துவிடுவேன். ஆறு மாதமாக ஒருவரை விரும்புகிறேன். அவரும் வேலைக்குப் போகிறார். ஞாயிறுதோறும் வெளியே போவதில் மாதம் 4,000 செலவாகிறது. அம்மாவிடமே 1,500 வரை திரும்பக் கேட்கிறேன்; பற்றாததைக் கிரெடிட் கார்டில் தேய்த்து, பிறந்தநாள் பரிசும் சேர்ந்து, 18,000 பாக்கி நிற்கிறது. மாதம் 900 மட்டும் கட்டுகிறேன். போன் தவணை 2,100 இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பெட்ரோல், டிபன், ரீசார்ஜுக்கு 3,000 ஆகிறது. கடன் செயலியில் வாங்கிக் கார்டை அடைக்கலாமா? 6,000 ரூபாய் வாடகையில் தனி அறை எடுக்கலாமா?

பதில்: ‘திரும்பக் கேட்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படி வாசலில் நின்று ஐந்நூறு ரூபாய் கேட்கும் மகனிடம், ‘எதுக்குப்பா?’ என்று அம்மா கேட்பது இயல்பு. அதற்குப் பதில் சொல்லக் கூசித்தான் அடுத்த வாரம் கார்டை நீட்டுகிறீர்கள்.

வீட்டுக்கு உண்மையில் சேர்வது 9,500தான். ஆகவே அடுத்த மாதம் முதல் 9,500 கொடுப்பேன், அதில் ஒரு ரூபாயும் திரும்பக் கேட்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு எந்தக் குறையும் வராது.

கார்டு விஷயம் அவசரமானது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 18,000 ரூபாய்க்கு வட்டி 630, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து சுமார் 743 ஆகிறது. நீங்கள் கட்டும் 900 ரூபாயில் அசலுக்குப் போவது ஏறத்தாழ 157 மட்டுமே. பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்களும் கிடைக்காது. ஆகவே கார்டை அலமாரியில் வைத்துவிட்டு, மாதம் 2,700 கட்டுங்கள். நான்கு மாதத்தில் போன் தவணை முடிந்ததும் அந்த 2,100 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால், ஏழாம் மாதத்தில் ஒரு சிறு தொகையோடு கடன் தீரும். கடன் செயலி வேண்டவே வேண்டாம். வேண்டுமானால் பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கார்டு கொடுத்த வங்கியிடம் கேளுங்கள்.

இத்தனையும் போக வெளியே செல்ல மாதம் 1,200 இருக்கும். அது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு மாலை நடந்து, ஆளுக்கொரு காபி குடிக்க அது தாராளமாகப் போதும். அதைவிட முக்கியம், உங்கள் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை அவரிடம் இந்த வாரமே சொல்வது. தாமும் சம்பாதிப்பவர், பில்லைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அவரே சொல்லக்கூடும். சொன்னால் கௌரவம் பார்க்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

தனி அறை இப்போது வேண்டாம். வாடகையோடு சாப்பாடு, மின்கட்டணம், முன்பணம் எல்லாம் வரும்; வீட்டுக்குக் கொடுப்பதையும் நிறுத்த முடியாது. தனிமை வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் பேச்சிலருக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் பலர், ‘யார் வந்தது?’ என்று அம்மாவைவிட அதிகமாகக் கேட்பார்கள்.

இன்னொன்று: உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் பாதுகாப்பு உண்டு, உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் அதில் சேர்க்க வழியுண்டு. பெயர்கள் பதிவாகியுள்ளனவா என்று அலுவலகத்தில் பாருங்கள். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும்போது வீட்டில் யாருக்கும் மாத்திரைகளைக் கைக்காசில் வாங்க வேண்டியதில்லை.

கடன் தீர்ந்த மாதமே, கட்டி வந்த 4,800 ரூபாயில் 2,000 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள். திருமணம் என்று இருவரும் முடிவெடுக்கும்போது, வீட்டு முன்பணத்துக்கு அந்த 24,000 கைகொடுக்கும்.