கதை நோட்டை மூடி வைக்கணுமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஏப்ரலில் கடைசி செமஸ்டர். இதுவரை கைடை மனப்பாடம் செய்துதான் தேறினேன். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் இலையுதிர்காலக் கவிதை மண்டையில் ஏறவே இல்லை. நம் ஊரில் அந்தக் காலமே கிடையாதே! இரவில் தமிழில் கதை எழுதுவேன். பரீட்சை முடிகிற வரை அதை மூட்டை கட்டி வை என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கதையை நிறுத்த வேண்டாம். அன்றன்றைய பாடத்தை எழுதி முடித்துவிட்டு, ராத்திரி அரை மணி நேரம் எழுதுங்கள். ஏன் என்று அப்பாவிடம் சொல்ல ஒரு காரணமும் தருகிறேன்.

நானும் தமிழ் மீடியம்தான். 1983-ல் கடைசி வருடப் பரீட்சைக்கு ஒரு கைடை அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கட்டுரையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தேன். அப்புறம் முப்பது வருடம் நானே விடைத்தாள் திருத்தினேன். ஒரே கைடின் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு, கட்டுக் கட்டாக வரும். நடுவில் ஒரு பிள்ளை கவிதையின் ஒரு வரியைச் சொல்லி, அது தன் மனதில் எப்படிப் பட்டது என்று தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.

சரி, கீட்ஸுக்கு வருவோம். இலையுதிர்காலம் என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அது அறுவடைக் கவிதை. 1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உலாவப் போய்விட்டு வந்து எழுதியது. அப்போது அவருக்கு 23 வயது, உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இரண்டு நாள் கழித்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அறுத்த வயல் தனக்கு இந்த அளவு பிடித்ததே இல்லை, வசந்தகாலத்துக் குளிர்ந்த பச்சையைவிட இது மேல், பார்த்தாலே கதகதப்பாக இருக்கிறது என்கிறார். கவிதையில் வரும் ‘ஸ்டபிள்’ நம் தாள்தான், கதிர் அறுத்த பின் வயலில் நிற்கிற அடிக்கட்டை. குறுவை அறுத்த தாளை உழுது நடுகிற பட்டத்துக்குத் தாளடி என்றே பெயர் வைத்த பூமியிலிருந்து எழுதுகிறீர்கள். உங்களுக்கா அந்த வயல் தெரியாது?

இப்போது கவிதையை மட்டும் எடுத்து ஐந்து தடவை வாய்விட்டுப் படியுங்கள். மொத்தம் 33 வரி, மூன்று பத்தி. முதலில் பழுக்கிறது, காய் திரள்கிறது. அடுத்ததில் களஞ்சியத் தரையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பாதி அறுத்த வயலில் தூங்குகிறாள். கடைசியில் ஓசைகள்: கொசுக்கூட்டம், ஆட்டுக்குட்டி, சில்வண்டு, ராபின் பறவை, வானத்தில் கூடும் தகைவிலான் குருவிகள். இந்த 33 வரியிலும் ‘நான்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கதை எழுதுகிறவருக்குத்தான் ‘இங்கே பேசுவது யார்?’ என்ற கேள்வி தானாக வரும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

அந்தக் கேள்விக்குத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் பத்தே வாக்கியம் எழுதுங்கள். எல்லாம் சின்ன வாக்கியங்களாக இருக்கட்டும். ஒவ்வொரு கருத்துக்கும் கவிதையிலிருந்து இரண்டு மூன்று சொல்லாவது மேற்கோளாக இருக்க வேண்டும். தினம் ஒரு பதில், கையால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. பத்து மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம், அதற்கு மேல் போகக்கூடாது. கைடை அதற்குப் பிறகு திறந்து, விட்டுப்போன ஆண்டு, பெயர்களை மட்டும் சரிபாருங்கள்.

தை அறுப்பு முடிந்து தாளுக்கு நடுவே உளுந்து நிற்கிற நேரம் இது. ஒரு சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து மூன்றாவது பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். அங்கே உங்கள் காதில் விழுந்ததையெல்லாம் கதை நோட்டில் குறித்து வையுங்கள். பரீட்சை முடிந்ததும் அந்தக் கதையை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.