சைக்கிள் களவு: கேளுங்கள், சொல்கிறேன்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். சைக்கிளைக் களவாணிகளிடமிருந்து காப்பது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டைத் தம்பி: பின்சக்கரப் பூட்டு இருக்கிறது. அது போதாதா அண்ணாச்சி?

போதாது தம்பி. அது சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். கேரியரைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனால், சாவியைத் தொலைத்தவன் போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். என் கடைக்கே அப்படி வருகிறார்கள். எது சொந்தம், எது களவு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மலிவுப் பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பதும் உண்டு.

சங்கிலி போட்டு அசையாத ஒன்றோடு கட்டு. சங்கிலி பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் இருக்கும். கம்பத்தில் கட்டுகிறவன் அதன் உச்சியையும் பார்க்கணும். ஆளுயரக் குழாயென்றால் சைக்கிளை மேலே தூக்கி உருவிவிடுவான்.

பேட்டையிலிருந்து ஒருவர்: நம்பர் பூட்டு?

மூன்று இலக்கம் என்றால் மொத்தமே 1,000 எண். ஒன்றுக்கு இரண்டு நொடி வைத்தாலும் 33 நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதுவும் நம் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்தப் பூட்டோடு வரும் வயர் விரல் தடிமன் என்று நம்பாதீர்கள். பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே மெல்லிய கம்பிதான், கட்டிங் பிளேயருக்கே வழிவிடும்.

தச்சநல்லூர் மதினி: பிளஸ் ஒன்னில் மகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள். ஸ்டாண்டில் எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது. பெயர் எழுதலாமா?

எழுதுங்கள் மதினி. நான் பார்த்தவரை அந்த சைக்கிள்களில் களவைவிட மாறாட்டம்தான் அதிகம்.

மேலப்பாளையம் பாய்: பொம்பளைப் பிள்ளை பெயரைச் செயின் கவரில் எழுதி, தெருவில் நிற்கிறவனெல்லாம் வாசிக்கணுமா?

நியாயம் பாய், அது எனக்குத் தோன்றவில்லை. அப்பா இனிஷியலும் ஒரு பூவும் போதும்.

டவுன் வாத்தியார்: எதை எழுதினாலும் ஒரு கோட் பெயின்டில் போய்விடுமே?

போகும் சார். அதனால்தான் உள்ளேயும் எழுதச் சொல்வேன். ஹேண்டில்பார் கைப்பிடி ரப்பரைக் கழற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிய தாளை பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக் குழாய்க்குள் விடுங்கள். ஒருமுறை புதுப் பெயின்ட் வாசனை போகாத சைக்கிளை ஒருவன் விற்க வந்தான். ரப்பரைத் திருகினேன், தாள் எட்டிப் பார்த்தது. அதை நான் வாசித்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம்.

பாய்: அப்போ வெளியே எதுவுமே எழுத வேண்டாம்தானே?

மாறாட்டத்துக்கு வெளியே, களவுக்கு உள்ளே. இதோடு இந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

கே.டி.சி. நகர்: பிரேம் நம்பர் எங்கே இருக்கும்?

சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிவயிற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அங்கே இல்லையென்றால் சீட் குழாயில் பாருங்கள். போட்டோ எடுத்து பில்லோடு வையுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கும்போது, 'கறுப்பு சைக்கிள்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

இன்னும் நாலு பேர்: எந்தப் பூட்டு நல்லது? திண்டுக்கல் பூட்டு போதுமா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதைக் கிணற்றுவாளிச் சங்கிலியில் மாட்டினால் ஆக்ஸா பிளேடு பூட்டின் பக்கமே போகாது, சங்கிலியை அறுத்துவிடும். மற்றதெல்லாம் மேலே இருக்கிறது.

குறுக்குத்துறையில் குளிக்கும்போது சாவியை எங்கே வைப்பது?

அரைஞாண்கயிற்றில்.

ஸ்கூட்டருக்கு?

மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு சைக்கிளில் வரலாமா?

வாங்க. ரத வீதியில் நிறுத்தாமல் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் போடுங்கள். திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள்.