போலீஸ் கை காட்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கார் ஓட்டக் கற்றுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒருநாள் இரவு போலீஸார் என் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். பதற்றத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, லைசென்ஸைத் தேடிப் பையைக் குடைந்தேன். "பெல்ட் போடாமலா ஓட்டினீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். போட்டிருந்தேன் என்றேன், நம்பவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் அவரோடு சண்டைக்கே போய்விட்டார். கடைசியில் அபராதம் கட்டிவிட்டு வந்தோம். நான் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் பெல்ட் போட்டிருந்தீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அதிகாரி ஜன்னலருகே வந்தபோது கண்ணில் பட்டது கழற்றிய பெல்ட்தான். அவர் வந்து பார்க்கும்வரை அதில் கை வைக்காதீர்கள். பையைக் குடைவதும் அப்படித்தான். பின்னாலிருந்து நடந்து வருபவருக்கு உங்கள் தோள் அசைவதும் தலை குனிவதும் மட்டுமே தெரியும். எதையோ ஒளிக்கிறார் என்றோ, எதையோ எடுக்கிறார் என்றோ அவருக்குத் தோன்றலாம்.

அவருக்கும் அந்த நேரத்தில் பயம் இருக்கிறது. உள்ளே யார், எத்தனை பேர் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் வண்டிகள் சீறிக்கொண்டு போகின்றன. சாலையோரத்தில் நிற்கும் போலீஸ் வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருக்கிறது என்றால், அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சட்டென்று பிரேக் போட்டு, நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். இண்டிகேட்டரைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், வளைவோ பாலமோ இல்லாத இடமாகப் பார்த்து நன்றாக ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். போன் கையில் வேண்டாம். இறங்கச் சொன்னால் தவிர இறங்க வேண்டாம். இறங்கி வரச் சொல்வதே வழக்கமாக உள்ள ஊர்களும் உண்டு, அங்கே சொன்னபடி செய்யுங்கள்.

லைசென்ஸ் கேட்டால், "பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு எடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பாதிப் பதற்றத்தைத் தணித்துவிடும், அவருக்கும் உங்களுக்கும். காது கேளாதவர்களும் திக்கிப் பேசுபவர்களும் தங்கள் நிலையை எழுதிய ஒரு அட்டையை லைசென்ஸோடு வைத்துக்கொண்டால் பெரிய உதவி.

"எதற்கு நிறுத்தினேன் தெரியுமா?" என்று கேட்டால், நீங்களாக யூகித்து ஒவ்வொரு தவறாக ஒப்பித்துக்கொண்டிருக்க வேண்டாம். "தெரியவில்லை, சொல்லுங்கள்" என்றால் போதும். தெரிந்தே செய்த தவறென்றால் பொய் சொல்லாதீர்கள், குறைவாகப் பேசுங்கள். வண்டியைச் சோதிக்க உங்கள் சம்மதத்தைக் கேட்டால், விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். அதையும் மீறிச் சோதித்தால் கையால் தடுக்காதீர்கள். அந்த அதிகாரம் அவருக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்துச் சரிக்கட்டும் எண்ணம் மட்டும் வரவே கூடாது. பணம் கட்டினால் ரசீது கையில் வர வேண்டும்.

இரவில் தனியாக ஓட்டும் பெண்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. நிறுத்தச் சொல்பவர் போலீஸ்தானா என்று சந்தேகப்படுவது குற்றமில்லை. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் லைசென்ஸ் கேட்கும் அதிகாரத்தோடும், பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரத்தோடும் 'சீருடை' என்ற நிபந்தனை வருகிறது. சீருடையோ அடையாளமோ இல்லாத வண்டி துரத்தினால் ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம்வரை போங்கள். போகும்போதே ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் அவசர எண்ணை அழைத்து விவரம் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் அது 112. விளக்கில்லாமல் வேகமெடுத்தால் தப்பி ஓடுவதாக ஆகிவிடும்.

இனி உங்கள் கணவர். உங்களுக்காகத்தான் பேசினார், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து இருக்கையிலிருந்து குரல் உயர்ந்தால், அதிகாரி கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். அடுத்த முறை அவர் செய்யக்கூடிய நல்ல உதவி, நேரத்தையும் இடத்தையும் அதிகாரியின் பெயரையும் பேட்ஜ் எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பியதும் எழுதி வைப்பது. அந்த அதிகாரி தவறாகவே நடந்துகொண்டாலும், அவரை எதிர்த்து நீங்கள் ஜெயிக்கக்கூடிய இடம் நீதிமன்றமோ மேலதிகாரியின் மேசையோதான். சாலையோரத்தில் யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அங்கே கத்தியதெல்லாம் பின்னால் உங்களுக்கு எதிராகத்தான் எழுதப்படும்.

அபராதத்தைக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பல இடங்களில், கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. இனி அப்படி ஒரு சீட்டு வந்தால், கையெழுத்துப் போடுமுன் அது எதற்கு என்று கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்து வாங்குவதும் உண்டு. அப்புறம் வீட்டுக்கு வந்து சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். மறுப்புத் தெரிவிக்கும் வழியும் அதற்கான கெடு தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.