காட்ஸ்வோல்ட்ஸ் கல்வீடுகளின் கூரை ஏன் அவ்வளவு செங்குத்தாக இருக்கிறது?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் உள்ள பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்றொரு வீட்டு வரிசை உண்டு. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறியது. சுவர் மட்டுமல்ல, கூரையும் கல்தான்: சுண்ணாம்புக் கல்லை மெல்லிய தகடுகளாக்கி ஓடுபோல் வேய்ந்தது.

செங்குத்துக்குக் காரணம் அந்தக் கல்லேதான். அது நீரை உறிஞ்சும்; தகடுகளும் கரடுமுரடானவை, ஒன்றோடொன்று இறுகப் படியாது. மழைநீர் நின்றால் இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். அதனால் நீர் நிற்கவே நேரம் கொடுக்கக் கூடாது. ஓலைக் கூரையைச் சரிவாக வேய்வதும் இதே கணக்கில்தான்.

கூரையை உற்றுப் பாருங்கள். அடியில் பெரிய தகடுகள், மேலே போகப் போகச் சிறியவை, உச்சியில் உள்ளங்கை அகலம்தான். கனமானவை சுவருக்கு அருகே அமர்கின்றன. நீர் அதிகம் சேரும் அடிப்பகுதியில் இடுக்குகளும் குறைகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது தகடு செய்த விதம். ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமத்தில், வெட்டிய கல்லை ஈரம் காயாமல் காத்து, குளிர்காலத்தில் வெட்டவெளியில் பரப்புவார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். உளி செய்ய வேண்டிய வேலையைப் பனி செய்தது! பிறகு ஓரத்தைச் சீவி, துளையிட்டு, மர ஆணியில் தொங்கவிடுவார்கள்.

பலர் இதை ‘ஸ்லேட்’ கல் என்றே நினைக்கிறார்கள். ‘ஸ்டோன் ஸ்லேட்’ என்று பெயரில் ஸ்லேட் ஒட்டிக்கொண்டாலும், இது சுவரில் உள்ள சுண்ணாம்புக் கல்லின் உறவுதான். பள்ளிப் பலகைக்குப் பயன்பட்ட கரிய ஸ்லேட் தகடு வேறு இனம்.